வாக்கி-டாக்கிக்கு அலைவரிசை சொல்லித் தந்த கதை

பழைய வயர்லெஸ் கருவிகளைச் சேர்த்துப் பழுதுபார்க்கும் ஹாம்களின் (பொழுதுபோக்காக வானொலி இயக்குபவர்களின்) அலமாரியில் பெரும்பாலும் ஒரு பழைய லேப்டாப்பும் இருக்கும். உள்ளே 386 அல்லது 486 சிப், பக்கவாட்டில் ஃபிளாப்பி டிரைவ், பின்னால் ஒன்பது ஊசி சீரியல் போர்ட். அதில் இணையம் வராது, படம் பார்க்க முடியாது, பேட்டரி எப்போதோ செத்திருக்கும். ஆனாலும் அதைக் காயலாங்கடைக்குக் கொடுக்க அவர்களுக்கு மனம் வராது. 1980களிலும் 90களிலும் வந்த பல மோட்டோரோலா வயர்லெஸ் கருவிகளில் சேனல் மாற்ற அந்த லேப்டாப்தான் வேண்டும். அதைவிடப் பல நூறு மடங்கு வேகமான புதிய கணினியை அந்த வேலைக்கு வைத்தால், அதன் வேகமே தடையாகிவிடுகிறது.

சேனல் மாற்றுவது என்பது ரேடியோவுக்குச் சில எண்களைச் சொல்லித் தருவதுதான். எந்த அதிர்வெண்ணில் பேச வேண்டும், எதில் கேட்க வேண்டும், எந்தத் தொனி வந்தால் ஸ்பீக்கரைத் திறக்க வேண்டும், ஒருவர் தொடர்ந்து எத்தனை நொடி பேசலாம் என்ற விவரங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளின் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் இந்தச் சிறு குறிப்பு குடியிருந்த இடம் நூறு ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. முதலில் கல்லில் இருந்தது. பிறகு அதிரும் உலோகத் தகட்டுக்கும், எரிந்த மின்னிழைக்கும், சிப்புக்குள் அடைபட்ட எலக்ட்ரான்களுக்கும் போனது. இந்த இடமாற்றங்களுக்குப் பின்னால் போர்களும் தற்செயல்களும் வியாபாரிகளும் நகலெடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

முதல் வீடான கல்லின் கதை பாரிசில் தொடங்குகிறது. 1880இல் ஜாக் கியூரியும் அவருடைய தம்பி பியர் கியூரியும், சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டார்கள். குவார்ட்ஸ் அவற்றில் ஒன்று. நெடுங்காலம் அது ஆய்வகத்தைத் தாண்டி வரவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கியபோதுதான், நீருக்கடியில் ஒலியனுப்பி அவற்றைத் தேட பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவன் குவார்ட்சை எடுத்தார். அதே தேடலில் அமெரிக்கத் தரப்பில் உழைத்த பேராசிரியர் வால்டர் கேடி, போர் முடிந்த பிறகும் படிகத்தை விடவில்லை. மின்சாரம் கொடுத்தால் படிகத் தகடு தனக்கே உரிய ஓர் அதிர்வெண்ணில் பிசகாமல் அதிரும் என்பதை வைத்து, 1920களின் தொடக்கத்தில் அவர் ரேடியோ அலையை ஒரே இடத்தில் நிறுத்திக் காட்டினார். அந்த அதிர்வெண்ணை முடிவு செய்வது தகட்டின் தடிமன். தகடு மெலிய மெலிய அதிர்வெண் ஏறும்.

அதே பத்தாண்டில் போலீஸ்காரர்களுக்கு ரேடியோ தேவைப்பட்டது. கார் வந்தபின் திருடர்களின் வேகம் கூடியிருந்தது. 1928இல் டெட்ராய்ட் நகரப் போலீஸ், ரோந்துக் கார்களுக்கு ரேடியோவில் உத்தரவு அனுப்பத் தொடங்கியது. ஆனால் கார்களால் கேட்க மட்டுமே முடியும். பதில் சொல்ல வேண்டுமானால் இறங்கித் தொலைபேசியைத் தேட வேண்டும். 1933இல் நியூ ஜெர்சியின் பயோன் நகரம் கார்களிலேயே அனுப்பும் கருவியையும் பொருத்தியது. இருவழிப் பேச்சு வந்துவிட்டது, ஆனால் இரைச்சல் போகவில்லை. அதைத் தீர்த்தவர் கனெக்டிகட்டில் பேராசிரியராக இருந்த டேனியல் நோபிள். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கின் எஃப்எம் முறையை வைத்து 1940இல் அந்த மாநிலப் போலீசுக்கு ஒரு வலையமைப்பை உருவாக்கினார். கார் ரேடியோவுக்கு மோட்டோரோலா என்று பெயரிட்டு விற்றுக்கொண்டிருந்த சிகாகோவின் கால்வின் நிறுவனம் அதே ஆண்டில் அவரை வேலைக்கு அழைத்துக்கொண்டது.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. கால்வின் நிறுவனம் இராணுவத்துக்கு இரண்டு கருவிகளைச் செய்து தந்தது. ஒன்று, ஒரு கையில் பிடித்துப் பேசும் எஸ்சிஆர்-536. மற்றது நோபிள் குழு வடிவமைத்த எஸ்சிஆர்-300. அதை முதுகில் சுமந்தார்கள். எடை ஏறத்தாழ 16 கிலோ. இன்று உலகமே கையடக்கக் கருவியை வாக்கி-டாக்கி என்கிறது. அன்று அந்தப் பெயர் முதுகுச் சுமைக்குத்தான் வழங்கியது. கையில் பிடித்ததற்கு ஹேண்டி-டாக்கி என்று பெயர்.

கையில் பிடித்த கருவிக்கு ஒரு நேரத்தில் ஒரே சேனல். மாற்ற வேண்டுமானால் படிகத்தைக் கழற்றி வேறு படிகம் செருகி, அதற்கேற்ற சுருளையும் மாற்ற வேண்டும். டாங்கிகளில் பொருத்திய எஸ்சிஆர்-508 கருவியோடு 80 படிகங்கள் வந்தன. அவற்றிலிருந்து பத்துச் சேனல்களைத் தேர்ந்து பத்துப் பொத்தான்களுக்கு ஒதுக்கிக்கொள்வார்கள். அன்றைய சேனல் மாற்றம் இதுதான். ஒவ்வொரு படிகத்தின் உறையிலும் அதன் அதிர்வெண் அச்சிடப்பட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் அதைப் பார்த்து ரேடியோ எங்கே பேசும் என்று சொல்லிவிடலாம்.

இத்தனை படிகங்களுக்கும் கல் பிரேசிலிலிருந்து வந்தது. ரேடியோவுக்குத் தகுந்த தரமுள்ள இயற்கைக் குவார்ட்ஸ் அன்று பெருமளவில் கிடைத்த இடம் அது ஒன்றுதான். அமெரிக்காவில் புதிய பட்டறைகள் திறந்து அதை அறுத்துத் தேய்த்தார்கள். பாடுபட்டுச் செய்த படிகங்கள் களத்துக்குப் போனதும் ஒரு சிக்கல் முளைத்தது. ஈரக் காற்றில் சில மாதம் இருந்தவை தங்கள் அதிர்வெண்ணை விட்டு மெல்ல நழுவின. தேய்த்ததால் மேற்பரப்பில் உண்டான நுண்ணிய சிதைவுகளே காரணம் என்று பிறகு தெரிந்தது. கடைசி நிலையில் தேய்ப்பதை விட்டு அமிலத்தில் அரிக்கத் தொடங்கியதும் நழுவல் நின்றது.

போர் முடிந்ததும் படிகங்கள் மூட்டை மூட்டையாக உபரிச் சந்தைக்கு வந்தன. வாங்கியவர்கள் ஹாம்கள். இராணுவத்தின் அதிர்வெண் அவர்களுக்கு உதவாது, எனவே மாற்றினார்கள். கண்ணாடிமேல் தேய்ப்புப்பொடியும் நீரும் இட்டுப் படிகத்தை எட்டு வடிவில் தேய்த்தால் அதிர்வெண் கூடும். அளவு மீறித் தேய்த்துவிட்டால் பென்சிலால் படிகத்தின்மேல் லேசாகக் கோடு போடுவார்கள். கரியின் எடை ஏறியதும் அதிர்வெண் கொஞ்சம் இறங்கிவிடும். பென்சிலாலும் தேய்ப்புப்பொடியாலும் ரேடியோவுக்குப் புது எண் சொல்லித் தந்த தலைமுறை இது. தயாரிப்பாளர் நினைத்துப் பார்க்காத வேலைக்குக் கருவியை வளைக்கும் பழக்கம் இங்கேதான் வேர்விட்டது.

1950களில் டாக்சி நிறுவனம், தீயணைப்பு நிலையம், மின்வாரியம் என எல்லோரும் வயர்லெஸ் வாங்கினார்கள். அலைவரிசைகள் போதவில்லை. ஒரே அதிர்வெண்ணைப் பலர் பகிர்ந்தபோது, அடுத்தவர் பேச்சு நம் ஸ்பீக்கரில் ஓயாமல் கேட்டது. ஒவ்வொரு குழுவும் தன் பேச்சோடு ஒரு தாழ்ந்த தொனியைக் கலந்து அனுப்பும். அந்தத் தொனி வந்தால் மட்டுமே கேட்கும் ரேடியோ வாய் திறக்கும். இதுவே அதற்குக் கண்ட தீர்வு. அந்தத் தொனியை அடையாளம் கண்டது ஒரு சிறு உலோகத் தகடு. குறிப்பிட்ட தொனிக்கு மட்டும் அதிரும்படி வெட்டி, கழற்றி மாட்டும் உறையில் அடைத்திருப்பார்கள். தொனியை மாற்ற வேண்டுமானால் தகட்டை மாற்ற வேண்டும்.

அப்படி ரேடியோவின் நினைவு முழுவதும் கையால் தொடக்கூடிய பொருள்களாக இருந்தது. 1970களின் மோட்டோரோலா கருவிகளில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு சிறு உலோகப் பெட்டி. உள்ளே படிகமும், வெயிலிலும் குளிரிலும் அது பிசகாதிருக்க ஒரு சுற்றும் இருக்கும். புதிய அலைவரிசை வேண்டுவோர் பெட்டியைக் கழற்றி, ஓக்லஹோமா நகரத்தில் இருந்த இன்டர்நேஷனல் கிரிஸ்டல் போன்ற நிறுவனங்களுக்கு அஞ்சலில் அனுப்பிக் காத்திருந்தார்கள். அந்த நிறுவனம் 2017 வரை தாக்குப் பிடித்தது.

படிகத்தை ஓரங்கட்டிய கருத்து அதற்கு வெகுமுன்பே பிரான்சில் பிறந்திருந்தது. 1932இல் ஆன்றி து பெல்லிசீஸ் என்ற பொறியாளர், ஓர் அலையை இன்னோர் அலையோடு ஒப்பிட்டு அதன் பின்னாலேயே ஓட வைக்கும் சுற்றைப் பற்றி எழுதினார். 1960களின் இறுதியில் அந்தச் சுற்று ஒற்றைச் சிப்பாகக் கிடைத்தது. அதனோடு ஓர் எண் வகுப்பியைச் சேர்த்தால் ஒரே படிகத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கான அதிர்வெண்களை உண்டாக்கலாம். 1977இல் அமெரிக்கா பொதுமக்களுக்கான சிபி ரேடியோவின் 23 சேனல்களை 40 ஆக உயர்த்தியபோது, இந்தச் சுற்று வீட்டுக்கு வீடு நுழைந்தது. இனி ரேடியோவுக்கு வேண்டியது எந்த எண்ணால் வகுப்பது என்ற தகவல் ஒன்றுதான். கல்லின் வேலை எண்ணுக்கு வந்துவிட்டது. அந்த எண்ணை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி.

அதற்கான பதில் ஓர் ஏவுகணையிலிருந்து வந்தது. 1956இல் வென் சிங் சௌ என்ற சீன அமெரிக்கப் பொறியாளர், அட்லஸ் ஏவுகணையின் கணினிக்காக ஒரு நினைவகத்தைக் கண்டுபிடித்தார். அதற்குள் மெல்லிய இழைகள் வரிசையாக இருக்கும். வேண்டாத இழைகளை மின்சாரம் பாய்ச்சி எரித்துவிட்டால், மிஞ்சியவையும் எரிந்தவையும் சேர்ந்து தகவலாகும். ஏவுகணையின் இலக்கைச் சுமந்த அதே உத்தி, 1970களின் இறுதியில் ஒரு சிப்புக்குள் அடங்கி, போலீஸ் காரின் சேனல் பட்டியலைச் சுமந்தது. மோட்டோரோலா அந்தச் சிப்பைச் செருகும் துண்டுக்குக் கோட்பிளக் என்று பெயரிட்டது. செருகும் துண்டு மறைந்து பல காலமாகிவிட்டது. ஆனாலும் ரேடியோவில் ஏற்றும் கோப்பை இன்றைய டிஜிட்டல் ஹாம்களும் கோட்பிளக் என்றே அழைக்கிறார்கள்.

எரித்த இழையை மீட்க முடியாது. ஓர் எண் தவறினாலும் சிப்பைத் தூக்கி எறிய வேண்டியதுதான். இதற்கு வழி திறந்தது இன்டெல் நிறுவனத்தில் நடந்த ஒரு தற்செயல். டோவ் ஃப்ரோமன் அங்கே பழுதான சில சிப்புகளை ஆராய்ந்தபோது, இணைப்பு அறுந்து தனியே நின்ற டிரான்சிஸ்டர் வாயில் (கேட்) ஒன்று மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கக் கண்டார். பழுதையே பயனாக்கி, 1971இல் புற ஊதா ஒளியால் அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவகத்தைச் செய்தார். 1978இல் அதே நிறுவனத்தில் ஜார்ஜ் பெர்லெகோஸ், மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய 2816 என்ற சிப்பை உருவாக்கினார். ரேடியோவைத் திறக்காமலே அதன் நினைவை மாற்ற முடியும் என்ற நிலை வந்தது.

மாற்றுவதற்கு ஒரு கருவி வேண்டுமே. முதலில் ஒவ்வொரு நிறுவனமும் சூட்கேஸ் அளவுக்குத் தனி இயந்திரம் செய்தது. அதற்குள் ஐபிஎம் பிசி 1981இல் சந்தைக்கு வந்து, அதன் நகல்கள் ஊரெங்கும் பரவின. 1980களின் பிற்பகுதியில் மோட்டோரோலா சூட்கேசைக் கைவிட்டு, அன்றைய பிசிகளின் இயங்குதளமான டாஸில் ஓடும் ரேடியோ சர்வீஸ் சாஃப்ட்வேர் என்ற மென்பொருளை ஃபிளாப்பியில் விற்றது. கூடவே ரிப் என்று பெயர்பெற்ற ஓர் இணைப்புப் பெட்டி. கணினியின் சீரியல் போர்ட் நேர் மின்னழுத்தத்துக்கும் எதிர் மின்னழுத்தத்துக்கும் இடையே மாறி மாறிப் பேசும். ரேடியோவின் சிப்புக்கு 0 முதல் 5 வோல்ட் வரைதான் புரியும். பெட்டி நடுவில் நின்று மொழிபெயர்த்தது. மேக்ஸ்டிராக் போன்ற கார் ரேடியோக்களில் மைக் செருகும் துளையிலேயே அந்தப் பெட்டியின் கேபிளை மாட்டினார்கள்.

இங்கே எடுத்த சில முடிவுகள்தான் முப்பது ஆண்டுகள் கழித்து லேப்டாப் வேட்டையில் வந்து நிற்கின்றன. அன்றைய பிசி ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் செய்தது. எனவே மென்பொருள் எழுதியவர்கள் டாஸைக்கூட நம்பாமல், சீரியல் போர்ட்டின் சிப்பை நேரடியாகப் பிடித்து ஆட்டினார்கள். ரேடியோவோடு பேசுவது பல மாடல்களில் ஒற்றைக் கம்பியில் நடந்தது. கணினி அனுப்பும் ஒவ்வொரு பைட்டும் அதே கம்பியில் எதிரொலித்து அதன் காதுக்கே திரும்பும்; அதைத் தள்ளிவிட்டு ரேடியோவின் பதிலுக்குச் சில மில்லிநொடிகள் காத்திருக்க வேண்டும். காத்திருக்க அவர்கள் கையாண்ட வழி, சிப்பைச் சும்மா எண்ண வைப்பது. கண்ணாமூச்சி ஆட்டத்தில் கண்ணைப் பொத்தி நூறு எண்ணும் பிள்ளை வேகமாக எண்ணினால், ஒளிபவர்களுக்கு நேரம் போதாது. புதிய கணினி அப்படித்தான் எண்ணி முடித்துவிடுகிறது. ரேடியோ பதில் சொல்ல வாயெடுக்கும் முன்பே, பதில் வரவில்லை என்று மென்பொருள் முடிவு கட்டிவிடுகிறது. எழுதும் நேரத்தில் இது நடந்தால் பாதி எழுதிய நினைவோடு ரேடியோ முடங்கிப்போகும்.

இது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. டர்போ பாஸ்கலில் எழுதிய எண்ணற்ற டாஸ் நிரல்கள், தொடங்கும்போது 55 மில்லிநொடியில் எத்தனை முறை எண்ண முடிகிறது என்று பார்த்து, அதை 55 ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். விடை 65,535க்குள் அடங்கும் என்பது அன்றைய நம்பிக்கை. 1990களின் இறுதியில் கணினிகள் சுமார் 200 மெகாஹெர்ட்சைக் கடந்தபோது விடை அந்த வரம்பைத் தாண்டியது. உலகெங்கும் நிரல்கள் பிழை எண் 200 என்று சொல்லித் திறக்கும்போதே விழுந்தன. செய்தி பூச்சியத்தால் வகுத்ததாகச் சொன்னது. உண்மையில் எங்கும் பூச்சியம் இல்லை. கணினி எதிர்பார்த்ததைவிட வேகமாகிவிட்டது, அவ்வளவுதான். இதனால் கணினியை வேண்டுமென்றே மந்தமாக்கும் மோஸ்லோ போன்ற நிரல்களுக்குக்கூடச் சந்தை உண்டானது.

வேகத்தைக் கட்டினாலும் வேறு கதவுகள் அடைபட்டன. 1993இல் வந்த விண்டோஸ் என்டி, எந்த நிரலும் வன்பொருளை நேரடியாகத் தொடக் கூடாது என்று விதித்தது. ஒரு நிரல் கெட்டால் முழுக் கணினியும் விழக்கூடாது என்பதற்காக எடுத்த நல்ல முடிவு அது. 2001இல் வந்த எக்ஸ்பி அந்த விதியை வீடுகளுக்கும் கொண்டுவந்தது. பிறகு 64-பிட் விண்டோஸ், 16-பிட் நிரல்களைத் திறக்கவே மறுத்தது.

அதற்குள் போர்ட்டும் போய்விட்டது. டெலிபிரிண்டர்களையும் மோடங்களையும் இணைக்க 1960இல் வகுத்த ஆர்எஸ்-232 விதிமுறைதான் சீரியல் போர்ட்டின் பிறப்புச் சான்றிதழ். இன்டெலில் அஜய் பட் முன்னின்று உருவாக்கிய யுஎஸ்பி 1996இல் வந்தது. 1998இல் ஆப்பிளின் ஐமேக், பழைய சீரியல் போர்ட்டுகளைத் துணிந்து விட்டுவிட்டு யுஎஸ்பியை வைத்தது. அடுத்த பத்தாண்டில் பெரும்பாலான லேப்டாப்களும் அந்த வழியில் போயின. இரண்டையும் இணைக்க யுஎஸ்பி-சீரியல் கேபிள்கள் கடைகளுக்கு வந்தன. பழைய மென்பொருளுக்கு அவை அரைகுறையாகவே உதவின. யுஎஸ்பி பைட்டுகளைச் சேர்த்து மூட்டையாகத்தான் அனுப்பும். பெயர்பெற்ற எஃப்டிடிஐ சிப்பின் இயல்பான அமைப்பில் ஒரு சிறு பதில் 16 மில்லிநொடி வரை காத்துக் கிடக்கலாம். கேட்கச் சிறிய நேரம்தான். மில்லிநொடிகளை எண்ணிக்கொண்டு காத்திருக்கும் டாஸ் நிரலுக்கு அது நீண்ட மௌனம்.

இந்தக் கேபிள்களில்தான் நகலெடுப்பவர்களின் அத்தியாயம் சூடுபிடிக்கிறது. தைவானின் புரொலிஃபிக், ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ இரண்டும் இந்தச் சிப்புகளில் முன்னணி நிறுவனங்கள். அவற்றின் பெயரையே பொறித்த போலிச் சிப்புகள் மலிவான கேபிள்களுக்குள் புகுந்தன. வாங்கியவருக்கு வித்தியாசம் தெரியாது. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐயின் புதிய டிரைவர், போலிச் சிப்பைக் கண்டதும் அதன் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கியது. நேற்றுவரை ஓடிய கேபிள்கள் கணினியின் கண்ணுக்கே தெரியாமல் போயின. எதிர்ப்பு பெருகவே அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. புரொலிஃபிக் வேறு வழியில் போனது. அதன் புதிய டிரைவர்கள் பழைய சிப்புகளையும் போலிகளையும் இயக்க மறுத்தன. விண்டோஸ் 11இல் அப்படிப்பட்ட கேபிளைச் செருகினால், இந்தச் சிப் 2012இலேயே நிறுத்தப்பட்டது என்ற அறிவிப்பு டிவைஸ் மேனேஜரில் வந்து நிற்கும். போலி செய்தவர் எங்கேயோ இருக்க, தண்டனை ரேடியோக்காரரின் மேசைக்கு வந்தது. பழைய டிரைவரைத் தேடிப் போடுவது அவருடைய முதல் வேலையாயிற்று.

இவ்வளவு தடைகளும் இருந்தபோது அமெரிக்க அரசின் ஓர் உத்தரவு பழைய ரேடியோக்களை வெள்ளமாகச் சந்தையில் இறக்கியது. போலீஸ், தீயணைப்பு, நிறுவனங்கள் அனைத்தும் 2013 ஜனவரி 1க்குள் 25 கிலோஹெர்ட்ஸ் அகலச் சேனலிலிருந்து 12.5 கிலோஹெர்ட்சுக்கு மாற வேண்டும் என்பது அந்த ஆணை. மாற முடியாத நல்ல கருவிகள் ஆயிரக்கணக்கில் ஏலத்துக்கு வந்தன. ஹாம் அலைவரிசைகளுக்கு அந்த விதி கிடையாது. 1945இல் படிகம் வாங்கியவர்களின் வாரிசுகள் மீண்டும் உபரிச் சந்தைக்குப் போனார்கள். இம்முறை தேய்ப்புப்பொடிக்குப் பதில், கோப்பின் பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டர். போலீஸ் அலைவரிசைக்காகச் செய்த ரேடியோவை 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஹாம் பகுதிக்கு இறக்க, மென்பொருளுக்குள் எழுதியிருந்த எல்லை எண்களைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள்.

மென்பொருளை ஓட வைக்க உதவிக்கு வந்தவர்கள் ரேடியோவோடு தொடர்பே இல்லாதவர்கள். மைக்ரோசாஃப்ட் டாஸை நிறுத்தப்போகிறது என்று கேள்விப்பட்டு, 1994இல் ஜிம் ஹால் என்ற அமெரிக்க மாணவர் அதைப் போலவே இலவசமாக ஃப்ரீடாஸ் எழுதத் தொடங்கினார். பழைய கணினி விளையாட்டுகள் புதிய விண்டோசில் ஓடவில்லையே என்ற ஏக்கத்தில், 2000களின் தொடக்கத்தில் இரண்டு டச்சு இளைஞர்கள் டாஸ்பாக்ஸ் செய்தார்கள். அது கணினிக்குள் ஒரு மந்தமான பழைய கணினியைப் போலியாக உண்டாக்கும். சிப் எவ்வளவு வேகமாக எண்ணலாம் என்பதை நாமே குறைத்து வைக்கலாம். உண்மையான சீரியல் போர்ட்டையும் அதற்குள் இணைத்துவிடலாம். விளையாட்டுக்காகச் செய்த அந்த வேகக் கட்டுப்பாடு ரேடியோ மென்பொருளுக்கு அப்படியே பொருந்தியது. எல்லா மாடலுக்கும் இது பலிப்பதில்லை. பலித்த இடங்களில் பழைய லேப்டாப்புக்கு ஓய்வு கிடைத்தது.

இதற்கிடையே கதை சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துக்குத் தாவுகிறது. ஜப்பானின் கென்வுட் தன் கையடக்க ரேடியோக்களில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்குமாக இரட்டை முனைச் செருகி ஒன்றை வைத்திருந்தது. சேனல் ஏற்றும் கேபிளும் அதில்தான் மாட்டும். சுவான்சோ நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த வூஷுன், குவான்ஷெங், பாவ்ஃபெங் போன்ற நிறுவனங்கள் அந்தச் செருகியை அப்படியே எடுத்துக்கொண்டன. கென்வுட்டுக்காக வாங்கிய ஹெட்செட்டும் கேபிளும் அவற்றிலும் மாட்டின. அதனால் வாங்குபவர்களுக்குத் தயக்கம் போயிற்று. 2012இல் வந்த பாவ்ஃபெங் யுவி-5ஆர் முப்பது டாலர் அளவில் விற்று உலகைச் சுற்றியது. சுவான்சோ தமிழர்களுக்குப் புதிய ஊரன்று. சோழர் காலம் முதல் தமிழ் வணிகர்கள் பாய்மரக் கப்பலில் போய்த் தங்கிய துறைமுகம் அது. அங்கே அவர்கள் எடுத்த சிவன் கோயிலைப் பற்றி 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு சீன எழுத்துகளுடன் கிடைத்திருக்கிறது. மிளகும் பட்டும் கைமாறிய அந்தக் கரையிலிருந்துதான் இன்று உலகத்தின் மலிவான வாக்கி-டாக்கிகள் கப்பலேறுகின்றன.

மலிவு ரேடியோவோடு வந்த மென்பொருள் அவ்வளவு வசதியாக இல்லை. அதற்கு மாற்று ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. அமெரிக்க ஹாம் டான் ஸ்மித் 2008இல் சர்ப் என்ற இலவச மென்பொருளைத் தொடங்கினார். நிறுவனங்களின் மென்பொருளைத் தொடாமல், ரேடியோவும் கணினியும் பேசிக்கொள்ளும் பைட்டுகளைக் கவனித்து அவற்றின் பொருளை உய்த்தறிவதே அதன் முறை. பல ஜப்பானிய ரேடியோக்களில் ஒரு வசதி இருந்தது: இரண்டு கருவிகளைக் கேபிளால் இணைத்தால் ஒன்றின் சேனல்கள் மற்றதற்குப் போய்விடும். சர்ப், கணினியையே இரண்டாவது ரேடியோவாக நடிக்க வைத்தது. நகலெடுக்கும் வசதியே நிறுவனத்தின் மென்பொருளிலிருந்து ரேடியோவை விடுவித்தது. நூற்றுக்கணக்கான மாடல்கள் அதில் சேர்ந்தன. நிரல் திறந்த மூலம் என்பதால், அது எழுதப்பட்ட பைதான் மொழியின் இரண்டாம் பதிப்பு காலாவதியானபோது தன்னார்வலர்களே மூன்றாம் பதிப்புக்கு மாற்றி எழுதினார்கள்.

2021இல் குரோம் உலாவி சீரியல் போர்ட்டோடு நேரடியாகப் பேசக் கற்றுக்கொண்டது. 2023இல் குவான்ஷெங்கின் யுவி-கே5 வந்தபோது, அதன் உள்மென்பொருளுக்கு உறுதியான பூட்டு இல்லை என்று ஹாம்கள் கண்டார்கள். சில மாதங்களில் புதிய உள்மென்பொருள்கள் பிறந்தன. ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து, கேபிளைச் செருகி, பொத்தானை அழுத்தினால் ரேடியோ வேறு குணத்தோடு எழுந்தது. அந்தக் கேபிளின் ஒரு முனையில் இருப்பது இன்றும் கென்வுட்டின் அதே இரட்டைச் செருகிதான்.

இந்தப் பயணத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. நல்ல ரேடியோ முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைக்கும். அதனோடு பேசும் மென்பொருளின் ஆயுள் பத்து ஆண்டுகளைத் தாண்டுவது அரிது. படிகத்தின் உறையில் அதிர்வெண் அச்சிட்டிருந்த காலத்தில் இந்த இடைவெளியே கிடையாது. கருவியின் நினைவு அதை வைத்திருப்பவரின் கண்முன் இருந்தது. எண் சிப்புக்குள் போன அன்றுதான் அதைப் படிக்கும் உரிமை தயாரிப்பாளரின் கைக்குப் போனது. அந்த உரிமையை மீட்டவர்கள் பென்சில் பிடித்தவர்களும், எல்லை எண்ணைத் திருத்தியவர்களும், பைட்டுகளை உளவு கேட்டவர்களும். ஊர்ப்புறத் தீயணைப்புக் குழுவோ பேரிடர் நேரத் தன்னார்வலரோ பழைய கருவியைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க முடிகிறது என்றால், அது அவர்கள் உழைப்பால்தான்.

வீட்டில் பழைய கருவி வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எழுதும் முன் படியுங்கள். ரேடியோவின் நினைவை இருமுறை படித்து, இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் பத்திரமாகச் சேமித்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்; உரிமம் அனுமதிக்கும் அலைவரிசைகளை மட்டும் ஏற்றுங்கள். தயாரிப்பவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒரு மாடலுக்கு மென்பொருள் தருவதை நிறுத்தும் நாளில், அதனோடு பேசும் முறையைச் சில பக்கங்களில் எழுதி வெளியிடட்டும். அந்தச் சில பக்கங்கள் கையில் இருந்தால், முப்பது ஆண்டுகள் கழித்து எந்த ஊர் மாணவரும் அன்றைய கணினியில் அந்த ரேடியோவைப் பேச வைத்துவிடுவார்.